முகம் எரிகிறதா? முதலில் பூசுவதைக் குறையுங்கள்

போன சித்திரையில் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஒரு ரீச்சர் எங்கள் பாமசிக்கு வந்தார். வயது 40 இருக்கும். கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்: பருவுக்கான ஃபேஸ்வாஷ், வால்நட் ஸ்க்ரப், ரோஸ் டோனர், லண்டனில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய வைட்டமின் சி சீரம், எழுத்துத் தேய்ந்துபோன ஒரு சின்ன டியூப். "எல்லாம் பூசிப் பாத்திட்டன் பிள்ளை. இதைவிட நல்லதா ஒண்டு தாங்கோ."

கன்னத்திலும் மூக்கிலும் சின்னச் சின்னக் குருக்கள். ஆனால் பருவோடு வரும் கரும்புள்ளி, வெண்புள்ளி ஒன்றுகூட இல்லை. எரிகிறதா என்று கேட்டேன். "அடுப்படிக்குப் போனா முகம் முழுக்க நெருப்பு" என்றார். ரோசேசியாவாக இருக்கலாம் என்று பட்டது. யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். அங்கும் அதையேதான் சொன்னார்களாம்.

ரோசேசியா தொற்றுவியாதி அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல. முகத்தின் நடுப்பகுதியில் இரத்தக்குழாய்கள் சட்டென விரிந்து, தோல் நீண்டகாலமாக அழற்சியில் இருக்கும் நிலை அது. 30 வயதுக்குப் பிறகு வருவது அதிகம். புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் சிவந்த கன்னங்கள். எங்கள் மாநிறத்தில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. கன்னம் கொஞ்சம் கறுத்ததுபோலத்தான் இருக்கும். அதனால்தான் நிறத்தைப் பார்ப்பதைவிட, எரிவு, சூடு, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு இருக்கிறதா என்று கேட்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இப்படியொரு முகத்தைப் பரு என்று நினைத்து பென்சாயில் பெரொக்சைட் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இரண்டு நாளில் தோல் உரிந்து வந்து நின்றது இன்னும் மனதை உறுத்துகிறது.

அந்தத் தேய்ந்த டியூப்பைத் திருப்பிப் பார்த்தால், பீட்டாமெதசோன் என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. ஸ்டெரொயிட் கிறீம். யாரோ சொல்லி, சீட்டில்லாமல் எங்கோ வாங்கியது. பூசினால் இரண்டு நாளில் முகம் தெளிந்துவிடும், அதுதான் ஆபத்தே. மாதக்கணக்கில் பூசப் பூசத் தோல் மெலிந்து, குழாய்கள் வெளியே தெரிந்து, ரோசேசியா போன்ற குருக்களை அதுவே கிளப்பிவிடும். நிறுத்தினால் சில வாரங்கள் முன்பைவிட மோசமாகும். அதைக் கண்டு பயந்து மறுபடி பூசுவார்கள். அந்த வாரங்களைத் தனியே கடக்கப் பார்க்காதீர்கள், தோல் வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும். லேபலே இல்லாமல் டப்பாவில் அடைத்து விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்களை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். ஸ்டெரொயிட், பாதரசம் என்று எதுவும் அதற்குள் இருக்கலாம்.

மேசையில் இருந்த மற்றவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ரீச்சருக்கு மனமில்லை, காசு கொடுத்து வாங்கியவை அல்லவா. வீட்டு வைத்தியமும் இதில் சேர்த்திதான். தேசிக்காய்ச் சாறு அமிலம், கடலை மாவைப் போட்டுத் தேய்ப்பது உராய்வு. வெக்கைக்கு முகத்தில் ஓடிக்கொலோன் தடவுவது இங்கே பழைய பழக்கம். அதில் இருப்பது அல்ககோலும் வாசனையும். தலையிடிக்குப் பூசும் தைலத்தில் மென்தோல், கற்பூரம். பூசும்போது குளிர்வதுபோல இருந்தாலும் இந்தத் தோலை அவை சீண்டிவிடும்.

சரி, எதைத்தான் பூசுவது? முதல் சில வாரங்களுக்கு மூன்றே பொருள் போதும்: சவர்க்காரம் அல்லாத மென்மையான கிளென்சர், வாசனையில்லாத மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிறீன்.

கிளென்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அந்தச் சுண்ணாம்புதான். இந்தத் தண்ணீரில் சாதாரண சவர்க்காரம் நுரைக்காமல் ஒரு படிவாக முகத்தில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குச் சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, தோலோ இலேசான அமிலத்தன்மை உள்ளது. அதனால் நுரை குறைந்த கிளென்சரை விரல் நுனியால் தடவி, நன்றாகக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சுடுதண்ணீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

மொய்ஸ்சரைசரில் செரமைட், கிளிசரின் இருந்தால் நல்லது. லேபலில் ஃப்ரேக்ரன்ஸ், பர்ஃபம் என்ற சொற்கள் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். சன்ஸ்கிறீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், சின்க் ஒக்சைட் அல்லது டைட்டேனியம் டயொக்சைட் உள்ளதாக இருக்கட்டும், மற்ற வகைகள் சிலருக்கு எரியும். வெள்ளை பூத்ததுபோல் தெரிந்தால் நிறம் கலந்த வகை கிடைக்கிறது. ஆனாலும் நல்லூர்த் திருவிழாவில் மத்தியான வெயிலில் நிற்பவருக்கு சன்ஸ்கிறீன் மட்டும் போதாது, குடையும் வேண்டும்.

புதிதாக எதை வாங்கினாலும் தாடைக்குக் கீழே சிறிதளவு பூசி, சில நாட்கள் பார்த்த பிறகே முகத்துக்கு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். உறைப்பு எல்லோருக்கும் ஒத்துவராமல் போவதில்லை. எதைச் சாப்பிட்ட அன்று முகம் கொதித்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தால் உங்களுக்கே தெரியும். பிளேன்டீயை விடத் தேவையில்லை, அதன் சூடுதான் பிரச்சினை. ஆறவிட்டுக் குடியுங்கள்.

கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தினாலோ, கண் சிவந்தாலோ உடனே வைத்தியரிடம் போங்கள். ரோசேசியா கண்ணையும் தாக்கும். கன்னச் சிவப்போடு மூட்டு நோவு, வாய்ப்புண் இருந்தால் அது லூபஸாக (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் வியாதி) இருக்கக்கூடும், தாமதிக்கவே கூடாது. மெட்ரோனிடசோல், அசிலெயிக் அசிட், ஐவர்மெக்டின் போன்ற பூச்சு மருந்துகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும்.

ரீச்சர் ஆவணியில் மறுபடி வந்தார். எரிவு குறைந்திருந்தது, குருக்கள் சில இன்னும் இருந்தன. மகளின் கலியாணத்துக்கு முதல் ஒரு ஃபேஷியல் செய்யலாமா என்று கேட்டார். பிளீச்சும் ஆவி பிடிப்பதும் வேண்டாம் என்றேன். "அப்ப கலியாண வீட்டில நான் என்னத்தைப் பூசுறது பிள்ளை?" ஏற்கெனவே பழகிய சன்ஸ்கிறீனின் நிறம் கலந்த வகையை எடுத்துக் கொடுத்து, இன்றைக்கே தாடையில் பூசிப் பார்க்கச் சொன்னேன். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.