கேம் கம்ப்யூட்டர்: காசு எல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்கா?

கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் கேம் கம்ப்யூட்டர் பொருத்தக் கேட்பவர்கள் முதலில் சொல்வது கிராபிக்ஸ் கார்டின் பெயரைத்தான். காசில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மிச்சத்துக்கு ஏதோ ஒரு புரொசஸர், ஒற்றை ரேம். வீட்டில் போட்டால் மலையும் கடலும் கண்ணைப் பறிக்கும். ஒரு சுவர் இடிந்து கற்கள் சிதறும் கணத்தில் படம் திக்கித் திக்கி நிற்கும்.

திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. படம் வரைவது கார்டின் வேலை. எந்தக் கல் எதில் மோதியது, எங்கே உருளும் என்ற பௌதிகக் கணக்கைப் பெரும்பாலான கேம்களில் புரொசஸரே செய்கிறது. ரெசல்யூஷன், அதாவது திரையில் வரையும் புள்ளிகளின் அளவு, 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் 83 லட்சம். இந்த நான்கு மடங்கு சுமை கார்டுக்குத்தான். மோதல் கணக்கு மாறுவதில்லை. நிழலின் தரத்தை மெனுவில் குறைத்துவிடலாம். பௌதிகமோ விளையாட்டின் விதி, அதைக் குறைக்க அநேகமாக வழியில்லை.

அதனால்தான் பௌதிகத்துக்கே முதலிடம் என்கிறோம். 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2 என்ற கேமில் பலகையின் ஒரு முனையில் கற்களை அடுக்கி, மறுமுனை வழியாக மேலே ஏறும் புதிர் ஒன்று உண்டு. அதன் படங்கள் பழசாகிவிட்டன. அந்தப் பலகை இன்றும் பாரத்துக்குச் சரியாகச் சாய்கிறது.

கேம் செய்து பழகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி எஞ்ஜின் இயல்பாக 0.02 வினாடிக்கு ஒருமுறைதான் பௌதிகம் பார்க்கும். வினாடிக்கு 400 மீட்டர் ஓடும் குண்டு அதற்குள் 8 மீட்டர் தாண்டிவிடும். 20 சென்டிமீட்டர் சுவர் இருந்ததே அதற்குத் தெரியாது. இடைப்பட்ட பாதையையும் பார்க்கும் தொடர் மோதல் சோதனையைப் போடுங்கள், அல்லது குண்டுக்குப் பதில் ரேகாஸ்ட் எறியுங்கள், அதாவது நேர்கோடு ஒன்றை விட்டு அது எதில் படுகிறது என்று பாருங்கள்.

புதுக் கார்ட் வாங்குமுன், திக்கும் அதே இடத்தில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் தடை கார்டில். அசையாவிட்டால் பெரும்பாலும் புரொசஸரில். கார்டுக்குக் கொடுக்கும் காசு வீண். ஒற்றை 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள், புரொசஸருக்குத் தரவு இரு வழியாக வேகமாக வரும். கொழும்பு வெக்கையில், புரொசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் தூசி அடைத்தால் சூடு 95 பாகையை நெருங்கி, புரொசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதலில் அந்தத் தூசியைத் தட்டுங்கள்.