பட்டை வளரும் மரமும் தழும்பேறும் விரலும்

குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் ரப்பர் தோட்டங்களில், பால் வெட்டுபவர்கள் விடியுமுன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால், அந்த நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அவர்களுடைய கைத்திறன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. பால்குழாய்கள் ஓடும் உட்பட்டையைச் சீவ வேண்டும். அதற்கும் உள்ளே, கட்டையைப் போர்த்தியிருக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. கேம்பியம் தப்பினால் சீவிய இடத்தில் புதுப்பட்டை எழும்பும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். கத்தி கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகும். அதே கத்தி வெட்டுபவரின் விரலில் ஆழமாக இறங்கினாலோ, தழும்பு ஆயுளுக்கும் நிற்கும். மரம் இழந்ததைத் திரும்ப வளர்ப்பதும் மனிதன் ஒட்டுப்போட்டுக்கொண்டு பிழைப்பதும் ஏன் என்பதைப் பரிணாம வரலாற்றைக் கொண்டுதான் விளக்க முடியும்.

முதல் சில நிமிடங்களில் இரண்டு காயங்களும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் வெட்டுவாயில் உடைந்து, ஹெவின் என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அது ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் குழாயின் வாயை அடைக்கிறது. சிரட்டையில் சொட்டுவது சில மணி நேரத்தில் நின்றுபோவதற்கு இதுவே காரணம். வெட்டுக்கோட்டில் உறைந்து கிடப்பதை உரித்தெடுத்து ஒட்டுப்பால் என்று விற்கிறார்கள். விரலில் இந்த வேலையைச் செய்பவை இரத்தத் தட்டணுக்கள். அவையும் காயத்தில் ஒட்டிக்கொண்டு தம்முள் இருக்கும் சிறுபைகளைக் கொட்ட, திராம்பின் என்னும் நொதி ஃபைப்ரின் இழைகளை உருவாக்கிக் குருதியை உறைய வைக்கிறது. ரப்பர் மரத்துக்கும் மனிதனுக்கும் பொதுவான மூதாதை ஒற்றைச் செல் உயிரி. அடைப்பதற்கு அதனிடம் குழாயே இருந்ததில்லை. ஆகவே இந்த உத்தியை இரண்டு வழிமரபுகளும் தனித்தனியாகவே எட்டியிருக்கின்றன. கைக்குக் கிடைத்த பழைய பொருளைக் கொண்டே பரிணாமம் புதிய கருவியைச் செய்கிறது என்பதும் இங்கே தெரிகிறது: திராம்பின், குடலில் உணவைச் செரிக்கும் டிரிப்சினின் உறவுக்கார நொதி.

அதற்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. விரலில் சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு கிருமிகளை எதிர்க்கின்றன. இரண்டு மூன்று நாள்களில் பெருவிழுங்கணுக்கள் வந்து, சிதைந்த செல்களை விழுங்கி அகற்றுவதோடு, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்ற வேதிச் செய்திகளையும் அனுப்புகின்றன. அந்தச் செய்தியைப் பெறும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நார்களை நெய்து, காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கின்றன. நல்ல தோலில் கொலாஜன் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே மயிர்க்கால்களோ வியர்வைச் சுரப்பிகளோ திரும்ப முளைப்பதில்லை, தோலின் பழைய வலிமையில் சுமார் 80 விழுக்காட்டுக்கு மேல் அது எட்டுவதுமில்லை.

நம் உடலுக்கு இதைவிடச் சிறப்பாகச் செய்யவே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கருவில் இருக்கும் குழந்தையின் தோல் ஏறத்தாழ 24 வாரம் வரை தழும்பில்லாமல் ஆறுகிறது. மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் இருவாழ்வி, வெட்டுண்ட காலை எலும்பு, தசை, நரம்பு உட்பட முழுமையாக வளர்த்துக்கொள்கிறது. அதன் பெருவிழுங்கணுக்களை அழித்துவிட்டுக் காலை வெட்டியபோது காயம் மூடித் தழும்பானதே தவிர, கால் வளரவில்லை என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம்மிடம் தழும்புக்கு வழி செய்யும் அதே வகைச் செல், அதனிடம் கால் வளரத் துணை நிற்கிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இருவாழ்விப் புதைபடிவங்களிலும் கால் மறுவளர்ச்சியின் தடயங்கள் கிடைத்திருப்பதால், இத்திறன் மிகப் பழையது என்றும் பல வழிமரபுகள் அதைப் பின்னர் இழந்தன என்றும் கருத இடமுண்டு. முயலின் காதில் துளையிட்டால் குருத்தெலும்பு உட்பட வளர்ந்து துளை மூடிக்கொள்ளும்; எலிக்கு அப்படி மூடாது. காயத்தில் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்யும் ஒரு மரபணு எலியில் போதுமான அளவு விழித்தெழுவதில்லை என்றும், அதைத் தூண்டியபோது எலியின் காதும் வளர்ந்தது என்றும் சீன ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தார்கள்.

இவ்வளவு பயனுள்ள திறன் ஏன் கைவிடப்பட்டது? வெப்ப இரத்த விலங்குக்குத் தீனி நிறைய வேண்டும். கால் முளைக்கும்வரை அதனால் பட்டினி கிடக்க முடியாது. கிருமி புகுமுன் காயத்தைச் சட்டென்று மூடிக்கொண்ட விலங்கே பிழைத்துக் குட்டி போட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது ஓரளவுக்குத்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம், ஏனெனில் முயலும் வெப்ப இரத்த விலங்கே. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் மிளா மானின் ஆணும், கிளைத்த கொம்பை உதிர்த்துவிட்டுச் சில மாதங்களில் அதை முழுவதுமாக மறுபடி வளர்த்துக்கொள்கிறது. கொம்பு அடியிலிருக்கும் எலும்புக் காம்பில் அதற்கான செல்கள் தங்கியிருப்பதே காரணம்.

நம்மிலும் அப்படி எஞ்சிய ஓரிடம் உண்டு. நுனி துண்டான சிறுவர்களின் விரலைத் தைத்து மூடாமல் விட்டால், நகமும் சதையுமாக அது வளர்ந்துவிடுவதை ஷெஃபீல்டு மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த் 1974இல் பதிவு செய்தார். வெட்டு நகத்தின் வேரைத் தாண்டிவிட்டால் இது நடப்பதில்லை. பால் வெட்டுபவர் கேம்பியத்துக்கு விட்டுவைக்கும் ஒரு மில்லிமீட்டரும் இதே கணக்குத்தான்.

மரம் ஆயுள் முழுவதும் அப்படியொரு வளர்படலத்தைத் துணிந்து வைத்திருக்க முடிவதற்குக் காரணம் அதன் செல்சுவர். பக்கத்துச் செல்லோடு சுவரால் இறுகிய மரச்செல் இடம்விட்டு நகராது. கட்டுமீறிப் பெருகினாலும் அந்த இடத்திலேயே முண்டாக நிற்கும், வெட்டுபவர் கத்தியைச் சற்று விலக்கிக்கொண்டு போவார். சுவரில்லாத விலங்குச் செல்லோ கட்டுமீறினால் இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பயணப்படும்; அதுவே புற்றுநோய். புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்டு டுவோராக் 1986இல் எழுதியதற்கு, கட்டி தன்னைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் சதை, புண் ஆறும்போது எழும்பும் சதையைப் பெரிதும் ஒத்திருந்ததே காரணம்.