சூடானால் விலகும் துவக்குக் குழல்

கல்லடியில் ஒரு லேத் பட்டறையில் சின்ன வயதில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரிசி மில் ஒன்றுக்குப் போக வேண்டிய நீளமான சாஃப்ட், சக்கரங்களைச் சுழற்றும் தண்டு. சூடாக்காமல் அச்சுக்குள்ளால் இழுத்தெடுத்த கம்பி அது. தட்டையான இரும்புப் பலகையில் உருட்டினால் கோணாமல் ஓடியது. சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை உட்காருவதற்காக ஒரு பக்கத்தில் நீளப் பள்ளம் வெட்டிவிட்டு மறுபடியும் பலகையில் வைத்தார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று! யாரும் அதை வளைக்கவில்லை. "உள்ளுக்க இருந்த இழுவை கழண்டு போச்சு மனே" என்றார் பட்டறைக்காரர்.

துவக்குக் குழல் செய்யும் தொழிற்சாலைகளுக்கும் இதே இழுவைதான் தலையிடி. எங்கள் பக்கத்தில் துவக்கு என்றதும் போர்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அந்த உருக்குக்குள் நடப்பதை மட்டும்.

மட்டக்களப்புக் கோட்டையில் இருக்கும் பழைய பீரங்கிகள் உள்ளே வழுவழுப்பான வெறும் குழாய்கள். ரைபிள் குழலுக்குள் பள்ளங்கள் சுருளாக ஓடும். 7.62 மி.மீ. குழலில் ஒரு பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான். சன்னம் அவற்றில் இறுகிச் சுழன்றபடி வெளியேறும். 305 மி.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால், வினாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் போகும் சன்னம் அந்த ஒரு வினாடியில் 2,700 தடவைக்கு மேல் சுழலும். பம்பரம் சாயாமல் நிற்பது போல அதன் மூக்கும் திரும்பாமல் இருக்கும்.

பள்ளத்தை மெல்ல மெல்லச் சீவியெடுப்பது பழைய முறை. நேரம் பிடிக்கும். அதனால் பெரிய தொழிற்சாலைகள் கடினமான குமிழ் ஒன்றைத் துளைக்குள் இழுத்து உருக்கை ஒதுக்குகின்றன. இல்லாவிட்டால் உள்ளே அச்சை வைத்து, வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடிக்கின்றன. வேலை சுருக்கில் முடிந்துவிடும். ஆனால் நெருக்கப்பட்ட உருக்கு விசையை அடக்கிக்கொண்டு கிடக்கும். 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் அது பெருமளவு தளர்ந்துவிடும். இதைச் சரியாகச் செய்யாமல், அப்புறம் வெளிப்பக்கத்தைக் கடைந்து நுனியை மெலிதாக்கினால், மெலிந்த இடத்தில் துளை விரியும். இருப்பதிலேயே மோசமான பிழை இது என்பேன். சன்னத்தை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய கடைசி இடத்தில் பிடி விட்டுப்போகிறது.

மிச்ச விசை சுடும்போது வெளியே தெரியும். முதல் சில சன்னங்கள் ஒன்றையொன்று தொட்டபடி விழும். குழல் சூடேறியதும் அடுத்தவை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும். துளை நடுவில் இல்லாமல் ஒரு சுவர் தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தாலும் இதே கதைதான். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு திரும்பினாலே 50 மீட்டரில் 14.5 மி.மீ. தள்ளிப் போகும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ.தான்.

குழலின் வாயில் ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தாலும், வாயு சமனில்லாமல் பீறிட்டுச் சன்னத்தைச் சாய்த்துவிடும்.

துளை எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று பார்க்கக் கைத்தொழிலாளர்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு, அதன் முனையைச் சுற்றி உருக்கிய ஈயத்தை வார்ப்பார்கள். ஈயம் பள்ளங்களின் அச்சை அப்படியே எடுத்துக்கொள்ளும். எண்ணெயும் தேய்ப்புத் தூளும் பூசி முன்னும் பின்னும் இழுப்பார்கள். இறுக்கமான இடத்தில் கை திணறும். நுனிக்கு வரும்போது ஈயம் சட்டென்று இலேசாக நழுவினால், வெளியே எவ்வளவு மினுங்கினாலும் அந்தக் குழலை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.