சொல் விளக்கம்: விசுவாச துரோகம்

கிறிஸ்தவ விசுவாசத்தை முற்றாகக் கைவிடுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'அப்போஸ்தாசியா'. 'அப்போ' என்றால் விலகி, 'ஸ்தாசிஸ்' என்றால் நிற்றல். அரசுக்கு எதிரான கிளர்ச்சியையும் பழங் கிரேக்கர் இப்படித்தான் சொன்னார்கள்.

புதிய ஏற்பாட்டில் இது வருவது இரண்டே இடத்தில். நம் வீடுகளில் உள்ள பழைய வேதாகமம் 2 தெசலோனிக்கேயர் 2:3இல் இதை 'விசுவாச துரோகம்' ஆக்குகிறது. அப்போஸ்தலர் 21:21இலோ அதே சொல், மோசேயை விட்டுப் 'பிரிந்துபோகும்படி' என்று சாதுவாக வருகிறது. துரோகம் என்பது வடசொல். வேறெங்கும் அது வெறும் வசைச்சொல்லாக இருக்கலாம். இலங்கையின் வடக்கில், போர்க்காலத்தில், அது மின்கம்பத்தில் கட்டிய உடலின் கழுத்து மட்டையில் வாசித்த சொல். அதே வடக்கின் வன்னியில் ஒருவர் பூசைக்குப் போவதை நிறுத்தினார் என்பதற்காக அதை அவர்மேல் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி கேட்பதும் விசுவாசத்தைக் கைவிடுவதும் ஒன்றல்ல. முள்ளிவாய்க்கால் பங்கருக்குள் பிறந்து, ஞானஸ்நானம் பெறாமலே போன பிள்ளை இப்போது எங்கே என்று ஒரு தாய் கேட்டால் அது ஐயம். ரோமின் இறையியல் ஆணைக்குழுவே 2007இல் அப்பிள்ளைகள் மீட்படைவர் என்று நம்பக் காரணம் உண்டு என எழுதியது; அப்பிள்ளைகள் போகும் இடம் என்று சொல்லப்பட்ட 'லிம்போ' ஒருநாளும் கட்டாயக் கோட்பாடாக இருந்ததில்லை. நித்திய நரகத்தை ஏற்க முடியவில்லை என்பவரும் இன்னும் உள்ளே நின்றுதான் வாதாடுகிறார். பிடிவாதமாக ஒரு கோட்பாட்டை மட்டும் மறுத்தால் அதற்குப் பெயர் வேறு: பதிதம், பழைய வழக்கில் தப்பறை.

கத்தோலிக்கக் கோயிலை விட்டு அல்லேலூயாச் சபைக்கு, அதாவது பெந்தெகொஸ்தே சபைக்கு, போனவரை, "வேதத்தை விட்டிட்டான்" என்பார்கள் உறவினர். அதுவும் பொருந்தாது, அவர் கிறிஸ்துவை விடவில்லை. சபையோ, தன்னிடம் வந்து பிறகு வராமல் விட்டவரைப் 'பின்மாற்றக்காரன்' என்னும். யார் விசுவாசி என்பது சொல்பவரைப் பொறுத்தது: ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மன்னார்ப் பக்கத்து மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு மருதமடுக் காட்டுக்கு ஓடிய கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தரான ஆள்வோர் கண்ணில் தவறான விசுவாசிகளே.

'விசுவாச துரோக'த்துக்குப் பதிலாக 'மறுதலிப்பு' பொருந்துமா? சேவற்கோழி கூவுமுன் பேதுரு செய்தது அது: பலர் முன்னே, வாயால், பயத்தால். ஓசையில்லாமல் விலகுகிறவருக்கு அது அதிகம். மறைமாவட்டம், மறைக்கல்வி என்று கத்தோலிக்கர் ஏற்கெனவே புழங்கும் 'மறை'யோடு சேர்த்து மறைவிலகல் எனலாம், விலகியவர் மறைவிலகர். பேச்சில் 'விசுவாசத்தை விட்டு விலகினவர்' போதும். அவர் திரும்பி வந்தால் கத்தோலிக்கர் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. முதற் தடவை வார்த்த தண்ணீர் செல்லும்.