லங்கரில் பாத்திரம் கழுவியதை ரெஸ்யூமேயில் எழுதலாமா?

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் மாதம். பொலிட்டிகல் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்து ரெஸ்யூமேயை நீட்டினான். கருநீலத் தலைப்பாகை, இன்னும் சரியாக வளராத தாடி. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். தாளில் மதிப்பெண் இருந்தது, இரண்டு கிளப் பெயர் இருந்தது. மீதிப் பாதிப் பக்கம் காலி.

"வேறு எதுவும் செய்ததில்லையா?"

"இல்லை மேடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குருத்வாராவிலேயே போய்விடும்."

"அங்கே என்ன செய்வாய்?"

"லங்கர்."

லங்கர் என்றால் குருத்வாராவுக்கு வருவோர் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் பொதுச் சமையலறை. பத்து நிமிடம் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. பதினைந்து வயதில் பாத்திரம் கழுவ ஆரம்பித்தவன். இப்போது வாராவாரம் இருபத்தைந்து தொண்டர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவன்தான். ஆட்டாவும் பருப்பும் எத்தனை மூட்டை வாங்குவது என்று கணக்குப் போடுவதும் அவன்தான். கார் நிறுத்துவதில் அக்கம்பக்கத்தாருடன் தகராறு வந்தபோது நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் மூன்று நிமிடம் பேசிவிட்டும் வந்திருக்கிறான். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றேன். கொஞ்சம் அதிர்ச்சியோடு பார்த்தான். "அது சேவா மேடம். அதைப் போய் எழுதுவார்களா?"

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருக்கிறேன், பதினோரு வருடமாக. பஞ்சாபி எனக்குத் தெரியாது. வணக்கத்துக்கு 'சத் ஸ்ரீ அகால்' சொல்வேன், அதற்குமேல் சிரிப்புதான். ஆனால் என் அறைக்கு வரும் பிள்ளைகளில் சீக்கியர்கள் நிறைய. அமெரிக்காவின் முதல் குருத்வாரா 1912இல் இந்தப் பள்ளத்தாக்கின் ஸ்டாக்டனில்தான் எழுந்தது. அன்று வயல் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பாதாம் தோப்பு வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் லாரி ஓட்டுகிறார்கள். பிள்ளைகளை டாக்டராக்கப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தில் நம் வீடுகளுக்கும் அவர்கள் வீடுகளுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அந்தப் பையனின் தயக்கம் எனக்குப் புரிந்தது. செய்த சேவையைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்ல நான் யார்? அதனால் இவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். புண்ணியத்தை எழுதாதே, பொறுப்பை எழுது. 'பசித்தவர்களுக்கு உணவளித்தேன்' வேண்டாம். 'வாரம் 600 பேருக்கான சமையல் பொருள் கொள்முதலும் 25 தொண்டர்களின் பணிப்பங்கீடும் என் பொறுப்பு' என்று எழுது. அதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? வெறும் தகவல். அலுவலகம் தேடுவதும் அதைத்தான்.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? கேட்டால் எல்லோரும் வாஷிங்டன் என்கிறார்கள். அதற்கு நல்ல வழிகளும் இருக்கின்றன. 1996இல் தொடங்கிய சால்டெஃப் என்ற சீக்கிய அமெரிக்க அமைப்பு, 'சீக்லீட்' என்ற பெயரில் ஒரு கோடைகால இன்டர்ன்ஷிப் திட்டம் வைத்திருக்கிறது. சீக்கியக் கல்லூரி மாணவர்களை வாஷிங்டனுக்கு அழைத்து, காங்கிரஸ் அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் சேர்த்துவிடுகிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இடங்கள் குறைவு, போட்டி நாடு முழுக்க. கிடைக்காதவர்கள் முகம் வாடி வரும்போது நான் கேட்பது, "உன் ஊர் எம்.பி. அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா?" பெரும்பாலும் தெரிவதில்லை. தினம் காரில் கடந்துபோகிற தெருவாகக்கூட இருக்கும்.

ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் தொகுதியில் ஓர் அலுவலகமாவது உண்டு. வாஷிங்டன் அலுவலகத்தில் சட்ட வேலை நடக்கும். இன்டர்ன் அங்கே போன் எடுப்பான், அழைத்தவர் மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கோடு போட்டு எண்ணுவான், பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டுவான். தொகுதி அலுவலகத்துக்கு வருவது வேறு கூட்டம். பாஸ்போர்ட் வராதவர், மனைவியின் விசா ஆண்டுக்கணக்கில் நிற்பவர், ஓய்வூதியம் நின்றுபோன முதியவர், முன்னாள் படைவீரர். இதைத்தான் கேஸ்வொர்க் என்கிறார்கள். பஞ்சாபி பேசும் ஓர் இன்டர்ன் இங்கே எவ்வளவு பயன்படுவான் என்பது அந்த அலுவலகங்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. நீங்கள்தான் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகளோ மொழிகள் என்ற இடத்தில் 'ஆங்கிலம், கொஞ்சம் ஸ்பானிஷ்' என்று எழுதிவிட்டு வீட்டு மொழியை விட்டுவிடுகிறார்கள்!

அந்தக் கருநீலத் தலைப்பாகைக்கு வாஷிங்டன் கிடைக்கவில்லை. கோடைக்குச் சொந்த ஊர் அலுவலகத்தில் சேர்ந்தான். மூன்றாவது வாரம் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் கடிதங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாராம். சோஷியல் செக்யூரிட்டி துறையின் கடிதம் ஒன்று. கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தர வேண்டும், ஒப்பவில்லை என்றால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. பென்ஷனே போய்விட்டது என்று நினைத்து ஐந்து வாரம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். இவன் பஞ்சாபியில் வாசித்துச் சொன்னான். அடுத்து ஒரு படிவம். 1974ஆம் ஆண்டு தனியுரிமைச் சட்டப்படி, கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் ஒருவரின் விவரத்தை அலுவலகம் துறையிடம் கேட்டு வாங்க முடியாது. பெரியவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். முன்பு எவனோ ஏமாற்றியிருக்கிறான். இவன் அரை மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாக விளக்கியபின்தான் போட்டார். மேல்முறையீட்டை அலுவலகத்தின் நிரந்தரப் பணியாளர் பார்த்துக்கொண்டார். இன்டர்ன் அதில் ஆலோசனை சொல்லக் கூடாது. என்னிடம் இதைச் சொன்னபோது அவன் பெரியவரின் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. கேஸ்வொர்க்கில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதையும் கற்றிருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

உள்ளூர் என்றால் மட்டமில்லை என்பதற்குத் தலீப் சிங் சௌந்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1920இல் படிக்க வந்து, பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியும் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம்தான் செய்தார். இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு 1946இல் திறந்தது, அவருக்குக் கிடைத்தது 1949இல். மறுவருடமே வெஸ்ட்மார்லாண்ட் என்ற சின்ன ஊரில் நீதிபதித் தேர்தலில் நின்று ஜெயித்தார். குடிமகனாகி ஓராண்டு ஆகவில்லை என்று பதவியை மறுத்துவிட்டார்கள். 1952இல் திரும்ப நின்று ஜெயித்து உட்கார்ந்தார். 1956இல் காங்கிரஸுக்கே தேர்வானார். ஆசிய வம்சாவளியில் வாக்குரிமை உள்ள உறுப்பினராக அங்கே போன முதல் ஆள் அவர்தான்.

அவர் தலைப்பாகை அணியாதவர். அணிந்திருந்தால் சபைக்குள் சிக்கல் ஆகியிருக்கும். காங்கிரஸின் கீழவைக்குள் தொப்பி கூடாது என்று 1837இல் போட்ட விதிக்கு, மத காரணத்துக்காக அணிவதற்கான விலக்கு 2019 ஜனவரியில்தான் வந்தது. கலிஃபோர்னியாவில் 2012இல் நிறைவேறிய சட்டம் இன்னும் தெளிவானது. தாடி, தலைப்பாகை காரணமாக ஒருவரைப் பொதுமக்கள் கண்ணில் படாத இடத்தில் வைப்பதை, அவர் மதத்துக்காகச் செய்துகொடுத்த 'சமரச ஏற்பாடு' என்று வேலை தருபவர் சொல்ல முடியாது. 2015 முதல் சம்பளமில்லாத இன்டர்ன்களுக்கும் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு உண்டு. இருந்தும் சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவனை ஓர் உள்ளூர் அரசு அலுவலகம் கோடை முழுக்க ஜெராக்ஸ் அறையிலேயே வைத்திருந்தது. முன்வரவேற்பில் மற்ற இன்டர்ன்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவன் என்னிடம் சொன்னது ஆகஸ்ட் கடைசியில், எல்லாம் முடிந்தபிறகு. முதல் வாரமே சொல்லுங்கள் பிள்ளைகளே.

என் அனுபவத்தில் தலைப்பாகையைவிட அதிகம் பேரைத் தடுப்பது வாடகை. மூன்று மாதம் சம்பளமில்லாமல் வாஷிங்டனில் தங்க யாரால் முடியும்? லாரி ஓட்டுபவரின் மகள் கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த பருவத்துக் கட்டணம். 2019 நிதியாண்டு முதல் கீழவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இன்டர்ன் சம்பளத்துக்கென்று ஆண்டுக்கு 20,000 டாலர் ஒதுக்கத் தொடங்கினார்கள், பிறகு கூட்டினார்கள். வெள்ளை மாளிகையே 2022 இலையுதிர் காலத்தில்தான் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. ஆகவே சம்பளம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கோடைக்கு விண்ணப்பம் பல இடங்களில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். மே மாதம் என் அறைக் கதவைத் தட்டினால் டீ மட்டும்தான் கிடைக்கும்.

சீக்கியர்கள் மத அடையாளமாக அணியும் சிறு கத்தியான கிர்பான் தனிக் கதை. மத்திய அரசுக் கட்டிடங்களில் ஆயுதத் தடைச் சட்டம், 2.5 அங்குலத்துக்குக் குறைந்த பிளேடு உள்ள பாக்கெட் கத்தியை விட்டுவைக்கிறது. ஹூஸ்டனில் வருமான வரித்துறையில் வேலை பார்த்த சீக்கியப் பெண் ஒருவர் 3 அங்குல பிளேடு கொண்ட கிர்பானால் வேலையையே இழந்தார். 2005இல் தொடங்கிய சிக்கல் 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது. முதல் நாள் வாசலில் காவலரிடம் விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, வேலை உறுதியானதுமே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

இந்த வருடம், அமிர்தம் எடுத்த (சீக்கிய தீட்சை பெற்ற) மாணவி ஒருத்திக்கு ஒரு தொகுதி அலுவலகத்தில் இடம் கிடைத்தது. என் மேஜையில் இருந்த ஸ்கேலை வாங்கிக் கிர்பானின் பிளேடை அளந்தாள், இரண்டே கால் அங்குலம். அளவு, எப்படி அணிவாள், ஆடைக்குள் இருக்கும் என்பது எல்லாம் சேர்த்து நாலு வரி எழுதி அனுப்பினோம். இரண்டு நாள் அவளுக்குத் தூக்கமில்லை. பதில் வந்தது. கட்டிடம் தனியாருடையது, வாசலில் சோதனை எதுவும் கிடையாது, திங்கள் ஒன்பது மணிக்கு வரலாம், கார் நிறுத்தத்தான் இடமில்லை.