ஆளுமை எந்த வயதில் உறுதிப்படுகிறது?

நான்கு மாதக் குழந்தையைச் சாய்வு இருக்கையில் அமர்த்தி, கண்முன் வண்ணப் பொம்மைகளை ஆட்டிக் காட்டி, பழக்கமில்லாத குரல்களின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை மூக்கருகே கொண்டுசென்றால் அது என்ன செய்யும்? ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் இந்தச் சோதனையை நடத்தினார். ஏறத்தாழ 20 சதவீதக் குழந்தைகள் கைகால்களை உதறி, முதுகை வில்லாய் வளைத்து, வீறிட்டு அழுதன. ஏறத்தாழ 40 சதவீதக் குழந்தைகள் அவை எல்லாவற்றையும் அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தன. மற்றவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

அழுத குழந்தைகள் நடக்கத் தொடங்கிய பிறகு அந்நியரையும் புதிய இடங்களையும் கண்டு ஒதுங்குவது மிகுதியாக இருந்தது. மூளையின் ஆழத்தில், எதிர்பாராததையும் ஆபத்தானதையும் உணர்ந்து உடலை உஷார்ப்படுத்தும் அமிக்டலா என்னும் பகுதி இவர்களிடம் எளிதில் தூண்டப்படுகிறது என்பது கேகனின் விளக்கம். இரண்டு வயதில் ஒதுங்கும் இயல்புடையவர்களாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் வளர்ந்து ஆளான பின்னும், முன்பின் பார்த்திராத முகங்களைக் கண்டபோது அவர்களது அமிக்டலா மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகச் செயல்பட்டதை 2003இல் வெளியான மூளைப்படச் சோதனை காட்டியது. ஆனால் இதே ஆய்வுகளின் மறுபாதியும் அதே அளவு முக்கியமானது. அழுத குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தில் நடுத்தர இயல்புக்கு நகர்ந்துவிட்டார்கள். துணிச்சலின் உச்சத்துக்குப் போனவர்கள் அரிது. கூச்சத்தின் உச்சத்திலேயே நின்றுவிட்டவர்களும் சிறுபான்மையினரே. பிறவி இயல்பு ஒருவர் செல்லக்கூடிய எல்லையை ஓரளவு குறுக்குகிறதே தவிர, அவர் போய்ச் சேரும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இப்படி ஒரு கருத்தைச் சொல்லியிருந்தால் பலர் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆளுமையின் அடித்தளம் முதல் ஐந்தாறு ஆண்டுகளின் அனுபவங்களிலேயே இடப்பட்டுவிடுகிறது என்றார் சிக்மண்ட் ஃபிராய்டு. நடத்தையியலைத் தொடங்கிய ஜான் வாட்சனோ, சூழலைத் தம் கட்டுப்பாட்டில் விட்டால் எந்த ஆரோக்கியமான குழந்தையையும் விரும்பியபடி உருவாக்க முடியும் என்றார். கோட்பாட்டில் இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். நடைமுறையில் இரண்டிலும் பழி வந்து விழுந்தது பெற்றோர் மீது, அதிலும் குறிப்பாகத் தாய் மீது.

இந்தப் பழியைத் தரவுகளைக் கொண்டு கேள்விக்கு உட்படுத்தியவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியினர். 1956இல் தொடங்கி 133 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவர்கள், பசியும் தூக்கமும் நேரம் தவறாமல் வருகின்றனவா, புதியதை நெருங்குகிறதா விலகுகிறதா, உணர்ச்சியை எவ்வளவு வேகத்தோடு வெளிப்படுத்துகிறது என்பன போன்ற ஒன்பது கூறுகளில் ஒவ்வொரு குழந்தையையும் பதிவு செய்தார்கள். சுமார் 40 சதவீதத்தினர் எளிதில் பழகுபவர்கள், 10 சதவீதத்தினர் சமாளிக்கக் கடினமானவர்கள், 15 சதவீதத்தினர் மெல்ல மெல்லப் பழகுபவர்கள். மீதமுள்ளோர் எந்த வகைக்குள்ளும் அடங்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் இந்த வகைப்பாட்டைவிடப் பெரியதாக நான் கருதுவது பொருத்தம் என்னும் கருத்தையே. புதியவரிடம் பேசத் தயங்கும் ஒரு குழந்தைக்கு, ஓரமாக நின்று கவனிக்கச் சிறிது நேரம் கொடுத்தால் அது தானாக வந்து கலந்துகொள்ளும். அதே குழந்தையை உடனே பேசச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் வற்புறுத்தினால் அதன் தயக்கம் அச்சமாக முற்றுகிறது. இரு இடங்களிலும் குழந்தையின் இயல்பு ஒன்றே. அந்த இயல்பும் சூழலின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதில்தான் விளைவு வேறுபடுகிறது.

பெற்றோரின் பங்கை இதைவிட நெருக்கமாக அளந்தவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். குழந்தை தன்னைப் பேணுபவரோடு கொள்ளும் பிணைப்பு, பால் கிடைப்பதால் மட்டும் விளைவதன்று, ஆபத்திலிருந்து காக்கும் ஓர் உயிரியல் ஏற்பாடு என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வாதிட்டிருந்தார். எய்ன்ஸ்வொர்த் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று குழந்தைகளை முதல் ஓராண்டு கவனித்த பின், சுமார் இருபது நிமிடம் நடக்கும் ஒரு சோதனையை வகுத்தார். பொம்மைகள் நிறைந்த புதிய அறையில் தாயும் குழந்தையும் இருக்கிறார்கள். அந்நியர் ஒருவர் வருகிறார். தாய் வெளியே போகிறார். சில நிமிடங்களில் திரும்புகிறார். இந்தப் பிரிவு இன்னொரு முறையும் நிகழ்கிறது.

தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதே அளவுகோல் என்று நினைக்கத் தோன்றும். எய்ன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்ததோ தாய் திரும்பி வந்த கணத்தை. பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தை தாயிடம் ஓடிச் சென்று, தேறுதல் பெற்று, மீண்டும் விளையாடத் தொடங்குகிறது. இன்னொரு வகைக் குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறது, தூக்கியதும் உதைத்துத் திமிறுகிறது. மூன்றாம் வகை, தாய் வந்ததையே பொருட்படுத்தாமல் பொம்மையைப் பார்த்தபடி இருக்கிறது. இந்த மூன்றாவது குழந்தையைத் தன்னம்பிக்கை மிக்கது என்று எவரும் எளிதில் பாராட்டிவிடுவார்கள். ஆனால் 1977இல் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் இருவரும் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தபோது, வெளியே அமைதி காட்டிய அக்குழந்தையின் இதயம் வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆறுதல் தேடினால் கிடைக்காது என்று முன் அனுபவத்தில் கற்ற குழந்தை, தவிப்பைக் காட்டாமலிருக்கப் பழகியிருந்தது. பிற்காலத்தில் ஒருவரது சுபாவம் என்று நாம் சொல்லும் பலவற்றின் தொடக்கம் இத்தகைய தகவமைப்புகளில் இருக்கக்கூடும்.

வளர்ந்தவர்களின் ஆளுமையை ஆராய்ந்தவர்கள் வேறொரு வழியில் சென்றார்கள். 1936இல் கோர்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பெர்ட் இருவரும் ஓர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் அத்தகைய சொற்களைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஐந்து பண்புகளை எட்டினர்: புதியவற்றில் நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகப் போக்கு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. இவற்றில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்று இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு தனிமனிதரின் ஆளுமையில் பாதி மரபணுவால் ஆனது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு மக்கள் தொகுதிக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது.

இந்தப் பண்புகள் எப்போது உறுதிப்படுகின்றன? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறோம். பிரென்ட் ராபர்ட்ஸ், வெண்டி டெல்வெக்கியோ இருவரும் 2000இல் 152 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஒத்த வயதினரிடையே ஒருவர் பெறும் இடம் சில ஆண்டுகள் கழித்தும் மாறாமலிருப்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு (1 என்றால் இடம் சற்றும் மாறவில்லை என்று பொருள்), குழந்தைப் பருவத்தில் 0.31 மட்டுமே இருந்தது. கல்லூரி வயதில் 0.54, முப்பது வயதில் 0.64 என உயர்ந்து, ஐம்பதுக்கு மேல்தான் 0.74ஐத் தொட்டது. அப்போதும் அது முழுமையான 1 ஆகவில்லை. சராசரியாகப் பார்த்தாலும், பொறுப்புணர்வு கூடுவதும் கலக்கம் குறைவதும் பெரிதும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் நிகழ்கின்றன. வேலை, இல்வாழ்க்கை, பிள்ளை வளர்ப்பு ஆகியவை புதிய பொறுப்புகளைச் சுமத்தும் வயது அது. அன்றாடம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களே நாளடைவில் பண்பாகப் படிகின்றன என்பது ராபர்ட்ஸின் விளக்கம். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இலேயே மனித வளர்ச்சியைக் குழந்தைப் பருவத்தோடு நிறுத்தாமல் முதுமை வரை எட்டுக் கட்டங்களாக வகுத்திருந்தார். கட்டங்களின் வரிசை எல்லாருக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. வளர்ச்சி நீண்டுகொண்டே போகிறது என்ற அவரது அடிப்படைப் பார்வைக்கு இந்த எண்கள் வலுச் சேர்க்கின்றன.

திட்டமிட்ட முயற்சியாலும் பண்புகள் நகர்கின்றன. ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக 24 வாரங்கள் நீடித்த உளச்சிகிச்சையின் பின் ஆளுமைப் பண்புகளில் அளவிடத்தக்க மாற்றம் இருந்தது. சிகிச்சை முடிந்த பின்னும் அது நீடித்தது. மிகுதியாக மாறியது எளிதில் கலங்கும் தன்மை.