பிரேக் டிஸ்க் வெடிப்பது சூட்டிலா, ஆறும்போதா?

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் 1966ஆம் ஆண்டுக் கதையை வைத்து 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' என்ற ஹாலிவுட் படம் 2019இல் வந்தபோது, கோயம்புத்தூரில் ரேஸ் பிரியர்களுக்கு வேறு பேச்சே இல்லை. சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் அப்போது இப்படிக் கேட்டிருந்தார்: "ஏனுங்க, அந்த ரேஸ்ல ஃபோர்டுக்காரங்க நடுவுல வண்டிய நிறுத்தி பிரேக் டிஸ்க்கையே கழட்டி மாட்டுனாங்கன்னு படிச்சேனுங்க. அத்தனை காசு கொட்டுன கம்பெனி, டிஸ்க்கை ரெண்டு மடங்கு தடிமனா வார்த்திருந்தா தீர்ந்திருக்குமுங்களே?"

இரும்போடு பழகிய கைக்குத்தான் இப்படி ஒரு கேள்வி தோன்றும்.

பந்தயத்தின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1963இல் ஃபெராரி நிறுவனத்தை விலைக்கு வாங்கப் பார்த்தார் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு. பேச்சுவார்த்தை கடைசி நேரத்தில் முறிந்தது. 1960 முதல் 1965 வரை லெ மானில் தொடர்ந்து ஆறு முறை வென்றிருந்த ஃபெராரியை அங்கேயே தோற்கடிப்பது என்று ஃபோர்டு இறங்கியது. 1964, 1965 இரண்டிலும் தோல்வி. 1966 ஜூன் 18, 19இல் நடந்த பந்தயத்தில் முதல் மூன்று இடங்களும் ஃபோர்டு ஜிடி40 கார்களுக்கு. புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார் 360 சுற்றுகளில் 4,800 கி.மீ.க்கு மேல் ஓடி வென்றது. ஃபோர்டு கார்கள் சேர்ந்தாற்போல் கோட்டைத் தாண்டியபோது, தொடக்கத்தில் சில மீட்டர் பின்னால் நின்று கிளம்பிய மெக்லாரனின் கார் அதிக தூரம் ஓடியதாகக் கணக்கிடப்பட்டு, இன்னொரு ஃபோர்டை ஓட்டிய கென் மைல்ஸ் வெற்றியை இழந்தார். இரண்டே மாதத்தில், கலிபோர்னியாவில் புதிய கார் ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்தில் இறந்தும் போனார். அவருக்குக் கிடைக்காமல் போன அந்த வெற்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. அதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாம் பிரேக்குக்கு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான அந்த டிஸ்க்குக்கு வருவோம்.

லெ மான் சுற்று அப்போது 13 கி.மீ.க்கும் சற்று அதிகம். அதில் முல்சான் என்ற ஒரே நேர்ச்சாலை மட்டும் கிட்டத்தட்ட 6 கி.மீ. நம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் முழுச் சுற்றே 2.1 கி.மீ.தான். கோவையிலேயே ரேஸ் கார்களை வடிவமைத்துக் கட்டியவர் கரிவரதன். 1995இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில் அமைந்த அந்தத் தளத்தைப் பார்த்தவர்கள், அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளத்துக்கு ஒரே நேர்க்கோடு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தச் சாலையில் 7 லிட்டர் என்ஜின் பூட்டிய ஜிடி40 மணிக்கு 330 கி.மீ. வேகத்தைத் தொடும். சாலையின் கோடியில் ஏறக்குறைய செங்கோணத் திருப்பம். அங்கே வேகம் 60, 70க்கு இறங்கியாக வேண்டும்.

கணக்கைப் போட்டுவிடுவோம். பெட்ரோல், ஓட்டுநர் எல்லாம் சேர்த்து கார் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 330 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 55 லட்சம் ஜூல். திருப்பத்தில் மிஞ்சுவது 2 லட்சம்தான். மீதி அத்தனையும் ஏழெட்டு நொடிக்குள் எங்காவது போயாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 950 ஹெச்.பி. அந்த என்ஜினின் திறனே சுமார் 485 ஹெச்.பி.தான். அதாவது, வண்டியை ஓட்டுகிற என்ஜினைப்போல் இரண்டு மடங்கு வேலையை நிறுத்துகிற டிஸ்க்குகள் செய்கின்றன. காற்றின் தடை ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பங்கு டிஸ்க்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, இரவில் டிஸ்க்குகள் சிவந்து தெரியும்.

வார்ப்பிரும்பு உருக 1,100 டிகிரிக்கு மேல் வேண்டுமே, 800இல் ஏன் வெடிக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிரேக் பேட் டிஸ்க்கின் இரண்டு முகங்களையும் கவ்வுகிறது. வெப்பம் பிறப்பது முகத்தின் மேல்தோலில் மட்டுமே. அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கும். வார்ப்பிரும்பில் வெப்பம் முதல் ஒரு நொடியில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆழம்தான் போகிறது. ஏழெட்டு நொடியில் ஒரு சென்டிமீட்டரை எட்டும். ஆகவே பிரேக் மிதித்த அந்த முதல் நொடியில் டிஸ்க் எவ்வளவு தடிமன் என்பது மேல்தோலுக்குத் தெரியவே தெரியாது. வாசகரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. தடிமனைக் கூட்டினால் மொத்த டிஸ்க்கின் சராசரி வெப்பநிலை குறையும், உண்மைதான். ஆனால் மேல்தோலுக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, சக்கரத்தோடு சுற்றுகிற எடை கூடி வண்டியின் கையாளுகை கெடும்.

சரி, அந்த வேறுபாடு என்ன செய்கிறது? நூறு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு 1.1 மி.மீ. நீளும். சூடேறிய மேல்தோல் நீளப் பார்க்கிறது. உள்ளே குளிர்ந்திருக்கும் இரும்பு விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது. நீள முடியாத மேல்தோல் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. முழுவதுமாகத் தடுக்கப்பட்டால் அந்த அழுத்தம் எவ்வளவு? ஒரே திசையில் மட்டும் கணக்கிட்டாலே, நூறு டிகிரி வேறுபாட்டுக்கு சதுர மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன். இருநூறு டிகிரிக்கு 240. பவுண்டரிக்காரர்களுக்கு இந்த எண் உடனே உறைக்கும். எஃப்ஜி 200 என்று நாம் ஆர்டர் எடுக்கிறோமே, அந்த 200 என்பது அந்த வார்ப்பு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பதற்கான எண்தான். ஆக இருநூறு டிகிரி வேறுபாடே வார்ப்பின் தாங்குதிறனைத் தாண்டிவிடுகிறது. முல்சான் கோடியில் வேறுபாடு அதைவிட அதிகம்.

அப்படியானால் பிரேக் மிதித்த உடனே வெடிக்க வேண்டுமே? வெடிக்காது. காரணம், சூடேறும்போது மேல்தோல் மேல் விழுவது அமுக்கம். சாம்பல் வார்ப்பிரும்பு, அதாவது கிரே அயர்ன், அமுக்கத்தில் ராஜா. இழுவையில் தாங்குவதைப்போல் மூன்று நான்கு மடங்கு அமுக்கத்தில் தாங்கும். அதற்குள் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. அந்தச் செதில்கள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும். பிரேக்குக்கு இந்த இரும்பைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். அமுக்கினால் செதில்களால் தொல்லை இல்லை. இழுத்தால் ஒவ்வொரு செதிலின் கூர்முனையும் ஒரு வெடிப்பின் தொடக்கப்புள்ளி.

இப்போது மேல்தோல் 700, 800 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சூட்டில் இரும்பின் வலிமை பெருமளவு போய்விடும். அமுக்கம் தாளாமல் மேல்தோல் நசுங்கிக் கொடுத்துவிடுகிறது. உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டது. திருப்பம் முடிகிறது, ஓட்டுநர் காலை எடுக்கிறார், டிஸ்க் ஆறத் தொடங்குகிறது. பழைய வெப்பநிலைக்குத் திரும்பும்போது, குட்டையாகிப்போன மேல்தோல் பழைய அளவைவிடச் சிறிதாகச் சுருங்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு மறுபடியும் விட மறுக்கிறது. இந்த முறை மேல்தோல் இழுக்கப்படுகிறது. முன்பு சூட்டில் மென்மையாக இருந்ததால் வளைந்து கொடுத்தது. இப்போது ஆறி விறைத்துவிட்டதால் கொடுக்க வழியில்லை. கிராஃபைட் செதிலின் முனையில் வெடிப்பு வாய் திறக்கிறது. பழுது உண்டானது சூட்டில். வெடிப்பு வெளியே வந்தது ஆறும்போது. அடுத்த சுற்றில் மூன்றரை, நான்கு நிமிடத்தில் இதே கதை மறுபடியும், வெடிப்பு இன்னும் ஒரு துளி ஆழமாக.

இதோடு நிற்கவில்லை. சுமார் 727 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் படிக அமைப்பே மாறும். அங்கிருந்து சட்டென்று குளிர்ந்தால் மார்டென்சைட் என்ற மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் வடிவம் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தங்கிவிடும். வெடிப்புக்கு அவை இன்னும் வசதி.

ஆற்றுகிற வேலையை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். அந்த டிஸ்க் ஒற்றைத் தகடல்ல. நடுவில் காற்றுப் பாதைகள் விட்டு வார்த்த இரட்டை முகம். நம் மோனோபிளாக் பம்பின் இம்பெல்லர் தண்ணீரை நடுவிலிருந்து இழுத்து ஓரத்துக்குத் தள்ளுவதைப்போலவே, சுற்றுகிற டிஸ்க் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். முல்சான் சாலையில் ஒரு நிமிடத்துக்கும் மேல், அத்தனை வேகத்தில், பிரேக் தொடப்படாமல் இது நடக்கிறது. டிஸ்க் நன்றாகக் குளிர்ந்து, சாலையின் கோடியில் மீண்டும் 800க்கு ஏறுகிறது. நன்றாகக் குளிர்விக்க நன்றாகக் குளிர்விக்க, ஏற்ற இறக்கம் அதிகமாகி இரும்பு சீக்கிரம் களைக்கிறது. குளிர்விக்காமல் விட்டால் பேட் தேய்ந்து தீரும், பிரேக் ஆயில் கொதித்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் விலை கொடுத்தாக வேண்டும். இந்தச் சிக்கல்தான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் இந்த விஷயத்தின் பின்னால் அலைய வைத்தது.

அப்போது கையில் இருந்த இரும்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பதை ஃபோர்டு அணி ஒப்புக்கொண்டது. ஃபில் ரெமிங்டன் என்ற அசாத்தியமான மெக்கானிக், டிஸ்க்கையும் பேடையும் பந்தயத்தின் நடுவே வண்டி வந்து நிற்கும் பிட்டில் சட்டென்று மாற்றும்படி பிரேக் அமைப்பையே மாற்றினார். டிஸ்க் உடையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, பெட்ரோல் போடுவதைப்போல் அதையும் பந்தயத்தின் ஒரு வேலையாக ஆக்கிவிட்டார்கள். பட்டறையில் வளர்ந்த மூளையின் தீர்வு இது. நம் கணபதியிலும் பீளமேட்டிலும் இப்படி யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

அடுத்த ஆண்டு டான் கர்னி இன்னொரு வழி காட்டினார். ஏ.ஜே. ஃபாய்ட்டோடு சேர்ந்து 1967இல் வென்ற அவர், முல்சான் கோடிக்குச் சில நூறு மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த வேகத்தில் காற்றே பெரிய பிரேக். 330 என்பது காற்றின் தடையால் 300 ஆனாலே, டிஸ்க் விழுங்க வேண்டிய ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், மேல்முனையில் விட்டுக்கொடுக்கும் கொஞ்ச வேகத்துக்குக் கிடைக்கும் லாபம் மிகப் பெரியது. சுற்றுக்குச் சில நொடி போகும். 24 மணி நேரத்தில் டிஸ்க் பிழைக்கும்.

இங்கே மலையிறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும், வால்பாறையின் 40இலும் நடப்பது வேறு வகைக் கோளாறு. அங்கே வெப்பம் திடீரென்று ஏறுவதில்லை. விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே இறங்கும்போது பிரேக் டிரம்மும் அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கும் ஒன்றாக, மெதுவாகச் சூடேறுகின்றன. இரும்பு வெடிப்பதற்கு வெகு முன்பே லைனிங் பிடிப்பை இழக்கும், பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ் சேரும், பெடல் பொத்தென்று உள்ளே போகும். ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் கொதிநிலை இன்னும் இறங்கிவிடும். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகையின் பொருள் இதுதான். வண்டி கவிழ்ந்த வளைவில் "இந்த இடத்துல ஏதோ இருக்குதுங்க" என்று எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வருகிறோம். எனக்கு இதில் கோபமே வருகிறது. அந்த வளைவில் இருப்பது கருகிய லைனிங்கின் வாடை மட்டும்தான். பழம் வைக்கிற அக்கறையில் பாதியை வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவதில் காட்டினால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஃபோர்டு தன் என்ஜினை டைனமோமீட்டரில் பூட்டி, லெ மான் சுற்றின் ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் அப்படியே நடித்துக் காட்டும்படி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தது. உடைய வேண்டியதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உடைந்தது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊர் இது. பம்பும் வார்ப்பும் எங்கள் பிழைப்பு. இங்கே ஒரு சிறு பவுண்டரிக்காரர் தன் டிஸ்க்கைக் கொண்டுபோய் ஆயிரம் முறை சூடேற்றி ஆற்றி வெடிப்பை அளந்து பார்க்க, கட்டக்கூடிய கட்டணத்தில், பொதுவான சோதனைக்கூடங்கள் நிறைய வேண்டும். வரைபடம் வாங்கி அப்படியே வார்த்துக் கொடுப்பதோடு நின்றுவிட்டால், அடுத்தவர் கண்டுபிடித்ததைத்தான் காலமெல்லாம் வார்த்துக்கொண்டிருப்போம்.

இன்று லெ மானின் முன்னணிக் கார்களில் இரும்பு டிஸ்க் கிடையாது. கார்பன் நாரைக் கார்பனாலேயே பிணைத்துச் செய்த டிஸ்க்குகள். கார்பன் சூட்டில் மிகக் கொஞ்சமே விரியும், சூடேறினாலும் வலிமை குறையாது. எனவே மேலே சொன்ன இழுபறியே அங்கே எழுவதில்லை. பெரும்பாலும் ஒரே செட் 24 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். முல்சான் சாலையிலும் 1990இல் இரண்டு வளைவுகளைச் சேர்த்து நேர்க்கோட்டை உடைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கார்பன் டிஸ்க் சில நூறு டிகிரி சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் அவிநாசி ரோட்டில் முதல் சிக்னலில் நிற்க அது உதவாது. குளிரிலும் பிடிக்கிற, விலை மலிவான, வெப்பத்தை நன்றாகக் கடத்துகிற பொருள் வேண்டும் என்பதால்தான், நாம் ஓட்டுகிற சாதாரண கார்களின் பிரேக் டிஸ்க் இன்றைக்கும் அதே சாம்பல் வார்ப்பிரும்பாக இருக்கிறது.